முனையத்தில் நிரல் துணைவன்

கணினிக்கு நிரல் எழுதுவோர்க்குத் துணைபுரியும் கருவிகள் பல காலமாக உள்ளன. பிழையைச் சுட்டுவன சில. எழுதத் தொடங்கிய சொல்லை முடித்துக் கொடுப்பன சில. ஆயினும் 2025-ஆம் ஆண்டில் இத்துறையில் பரவிய மாறுதல் இவையெல்லாவற்றினும் வேறானது. அவ்வாண்டு பிப்ரவரித் திங்களில் ஆந்த்ரோபிக் நிறுவனத்தார் கிளாட் கோட் என்னும் கருவியை முன்னோட்டமாக வெளியிட்டு, மே திங்களில் அதனை யாவர்க்கும் உரியதாக்கினர். ஏப்ரலில் ஓப்பன் ஏஐ நிறுவனத்தாரின் கோடெக்ஸ் சி.எல்.ஐ. என்பதும், ஜூனில் கூகிள் நிறுவனத்தாரின் ஜெமினி சி.எல்.ஐ. என்பதும் வெளிவந்தன. இவற்றிற்கு முன்னரே, 2023-ஆம் ஆண்டில், ஏய்டர் என்னும் திறந்தமூலக் கருவி இவ்வழியிற் சென்றிருந்தது. இவையனைத்தும் எழுத்தன்றிப் பிறிதொன்றும் தோன்றாத முனையச் சாளரத்தில் இயங்குவன. நாம் வேண்டுவதைச் சாதாரண மொழியில் தட்டச்சிட்டால், நம் கோப்புகளைத் தாமே படித்து, திருத்தி, ஓட்டிப் பார்த்து, விளைவைக் கண்டு மீண்டும் திருத்துவன.

இவற்றை முதன்முதற் கையாளப் புகும் மாணாக்கர் பெரும்பாலும் இருவகையாகத் தடுமாறக் காண்கிறோம். ஒரு சாரார், எதைச் சொன்னாலும் முடியும் என்று கருதி, தாம் வேண்டுவது இன்னதென்று தமக்கே தெளிவாகுமுன் ஏவத் தொடங்கிவிடுகின்றனர். மற்றொரு சாரார், கறுப்புத் திரையைக் கண்ட மாத்திரத்தில் இது வல்லுநர்க்குரியதென அஞ்சி விலகுகின்றனர். ஆசிரியர்களுள்ளும், இதனை வகுப்பினுள் விடலாமா கூடாதா என்னும் வினா ஓய்ந்தபாடில்லை. ஆதலின், இத்துணைவன் எவ்வாறு இயங்குகிறான், எங்ஙனம் தொடங்குதல் நன்று, எவ்விடத்தில் கடிவாளத்தை இறுகப் பற்ற வேண்டும் என்பவற்றை ஈண்டு ஒருவாறு எடுத்துரைக்க முற்படுகிறோம்.

முதலில் முனையத்தைப் பற்றிச் சிறிது. 1963-ஆம் ஆண்டில் வெளிவந்த டெலிடைப் மாடல் 33 என்னும் அச்சு இயந்திரம் நொடிக்குப் பத்து எழுத்தையே அச்சிட வல்லது. கணினியொடு பேசுதற்கு இத்தகைய இயந்திரங்களே ஒரு காலத்தில் வாயிலாயிருந்தன. அமெரிக்க நாட்டுப் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிச்சி என்னும் இருவரும் 1969-ஆம் ஆண்டு தொடங்கி யூனிக்ஸ் என்னும் இயக்க அமைப்பை உருவாக்கியபோது, கட்டளைகளை ஈரெழுத்தும் மூவெழுத்துமாகச் சுருக்கி வைத்தனர். இயந்திரம் மறைந்தது, அதன் சாயல் மட்டும் இன்றுள்ள கணினிகளிற் சாளரமாக எஞ்சியுள்ளது. படமும் பொத்தானும் மலிந்த இக்காலத்தில் இப்பழைய வாயிலைப் புதிய துணைவன் ஏன் நாடினான் எனின், காரணம் எளிது. மொழி மாதிரி என்னும் இயந்திரம் எழுத்தை உண்டு எழுத்தை உமிழ்வது. முனையத்திலோ உள்ளே செல்வதும் எழுத்து, வெளியே வருவதும் எழுத்து. இருவர்க்கும் பொருத்தம் பார்க்க வேண்டிய அவசியமே எழவில்லை.

நிற்க. துணைவன் என ஒருமையிற் கூறினும், உண்மையில் அவன் இருவர். ஒருவன் தொலைவில், நிறுவனத்தாரின் பெருங்கணினிகளில் இருப்பவன். அவனே மொழி மாதிரி. மற்றொருவன் நம் கணினியிலேயே இருக்கும் சிறு நிரல். அவனை ஏவலாள் என்போம். மொழி மாதிரிக்குக் கண்ணும் இல்லை, கையும் இல்லை. அவனால் நம் கோப்பு ஒன்றையும் நேரே காண இயலாது. அவன் செய்யவல்லது, தனக்கு வந்த எழுத்தைப் படித்து அடுத்து வரத்தக்க எழுத்தை உரைப்பது ஒன்றே. ஏவலாளுக்கோ அறிவு சிறிதும் இல்லை. ஆனால் கோப்பைத் திறக்கவும், தேடவும், திருத்தவும், கட்டளையை ஓட்டவும் கைகள் உண்டு. குருடனும் முடவனும் கூடி வழி நடந்த பழங்கதையை இவ்விடத்தில் நினைத்துக்கொள்ளலாம்.

ஓர் எடுத்துக்காட்டினால் இதனை விளக்குவோம். மதிப்பெண்களைக் கூட்டும் நிரலொன்று தவறான விடை தருகிறது. காரணம் காண்க என்று நாம் எழுதுகிறோம். ஏவலாள் அவ்வாக்கியத்தை, தன்னிடமுள்ள கருவிகளின் பட்டியலோடு சேர்த்து மாதிரிக்கு அனுப்புகிறான். மாதிரி, கோப்புறையிலுள்ள பெயர்களைக் காட்டுக என்று திருப்பிக் கேட்கிறான். ஏவலாள் பெயர்களை அனுப்புகிறான். இன்ன கோப்பைப் படித்துக் காட்டுக என்கிறான் மாதிரி, அதுவும் செல்கிறது. நிரலை ஒருமுறை ஓட்டுக என்கிறான். ஓட்டியதும் தோன்றிய பிழைச்செய்தி அப்படியே செல்கிறது. பின்னரே, இவ்வரியை இவ்வாறு மாற்றுக என்னும் யோசனை வருகிறது. ஏவலாள் அதனை நமக்குக் காட்டி, செய்யலாமா என்று உத்தரவு கேட்கிறான். நாம் இசைந்தால் மாற்றம் நிகழும். மறுத்தால் மறுப்பே செய்தியாக மாதிரிக்குச் செல்லும். நாம் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்ததாகத் தோன்றும் ஒரு வேலைக்குள் இத்தகைய போக்குவரவு இருபது முப்பது முறை நிகழ்ந்திருத்தல் கூடும்.

இவ்வமைப்பை அறிந்தவர்க்குச் சில உண்மைகள் தாமே விளங்கும். மாதிரி படிக்கும் ஒவ்வொரு கோப்பும் நம் கணினியை விட்டு வெளியே செல்கிறது. ஆகவே பிறர் மதிப்பெண், மருத்துவக் குறிப்பு, கடவுச்சொல் போன்றவை கிடக்கும் கோப்புறையில் நின்று இவனை அழைத்தல் தகாது. இரண்டாவது, மாதிரிக்கு நேற்றைய நினைவு தானாக இல்லை. ஒவ்வொரு முறையும் உரையாடல் முழுவதும் மீண்டும் அவனுக்கு அனுப்பப்படுகிறது. அதனை அவன் ஒருங்கே தாங்கும் அளவிற்கும் எல்லை உண்டு. 2025-இல் கிளாட் மாதிரிகளுக்குப் பொதுவாக இவ்வெல்லை 2,00,000 டோக்கன். டோக்கன் என்பது சொல்லின் துண்டு. ஆங்கிலத்தில் ஒரு சிறு சொல் பெரும்பாலும் ஒரு டோக்கனாக அமையும். உரையாடல் நீள நீள, தொடக்கத்திற் சொன்ன நிபந்தனை பின்னுக்குத் தள்ளப்பட்டு மங்குவதைக் கையாண்டவர் அறிவர். ஒரு வேலை முடிந்ததும் உரையாடலைத் துடைத்துப் புதிதாகத் தொடங்குதல் நன்று என்று அனுபவசாலிகள் கூறுவது இதனாலேயே. கிளாட் கோட்டில் சாய்கோடிட்டுக் கிளியர் என்று எழுதினால் இது நிகழும். சாய்கோடிட்டுக் காம்பாக்ட் என்று எழுதினால் நடந்தவற்றின் சுருக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு மேலே செல்லும்.

இனித் தொடங்கும் முறை. கருவியை நிறுவும் விதம் அவ்வந்நிறுவனத்தாரின் பக்கங்களிலேயே தெளிவாக உள்ளது. அஃது அடிக்கடி மாறுவதாதலின் அங்கேயே கண்டுகொள்க. அதனை நிறுவுமுன் செய்ய வேண்டியது ஒன்றுண்டு. அதுவே முக்கியம் என்பது எமது துணிபு. கிட் என்னும் வரலாற்றுக் கருவியை அறிந்துகொள்ளுதல் வேண்டும். லினக்ஸ் அமைப்பைத் தோற்றுவித்த லைனஸ் டோர்வால்ட்ஸ் 2005-ஆம் ஆண்டில் இயற்றியது அது. ஒரு கோப்புறையின் நிலையை வேண்டும்போதெல்லாம் பதிவு செய்து வைத்து, பின்னர் எப்பதிவிற்கும் திரும்பிச் செல்ல உதவுவது. துணைவனை அழைக்குமுன் ஒரு பதிவு. அவன் ஒரு வேலையை முடித்ததும் எது மாறிற்று என்று வரிவரியாகப் பார்த்தபின் மற்றொரு பதிவு. இவ்வழக்கம் படிந்தவர், துணைவன் பத்துக் கோப்பைக் குலைத்தாலும் ஒரு கட்டளையில் மீள்வர். படியாதவர் விடியுமட்டும் விழித்திருப்பர்.

அடுத்து, அவ்வேலைக்கென ஒரு தனிக் கோப்புறை அமைத்து, முனையத்தில் அதனுள் சென்று, கருவியின் பெயரைத் தட்டச்சிட வேண்டும். முதன்முதல் இவனிடம் எதையும் எழுதச் சொல்லற்க. முன்பே உள்ள நிரலொன்றை, உங்கள் சீனியர் எழுதியதாயினும் ஆசிரியர் கொடுத்ததாயினும், அவன் முன் வைத்து, இது செய்வது யாது, எக்கோப்பிலிருந்து தொடங்குகிறது, எவ்விடத்தில் உடையக்கூடும் என்று கேளுங்கள். கேட்டபின், அவன் சொன்ன வரியைக் கோப்பில் நீங்களே தேடிச் சரிபாருங்கள். ஒரு பிற்பகல் இவ்வாறு கழிந்தால் அவன் எதில் வல்லவன், எதில் தெரியாததைத் தெரிந்ததுபோலப் பேசுகிறான் என்பது புலப்படும். இப்படிப் பேசுவது அவன் இயல்பிலேயே உள்ளது. தயக்கம் கலந்த குரலில் அவன் பேசுதல் அரிது. சரியான விடையும் தவறான விடையும் ஒரே நடையில் வரும்.

பெரிய வேலையாயின், செய்க என்று சொல்லுமுன் திட்டம் கூறுக என்று கேட்பது முறை. கிளாட் கோட்டில் இதற்கெனவே ஒரு நிலை உண்டு. அந்நிலையில் அவன் கோப்புகளைப் படிப்பானேயன்றித் திருத்தான். திட்டத்தைப் படித்து, வேண்டாததை நீக்கி, விட்டதைச் சேர்த்த பின்னரே கையைத் திறந்துவிடலாம். மேலும், கோப்புறையில் ஒரு குறிப்புக் கோப்பு எழுதி வைத்தால் ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் அதனை அவன் தானே படித்துக்கொள்வான். கிளாட் கோட்டிற்குக் கிளாட் எம்.டி. என்றும், வேறு பல கருவிகளுக்கு ஏஜென்ட்ஸ் எம்.டி. என்றும் அக்கோப்பிற்குப் பெயர். நிரலை ஓட்டும் கட்டளை இது, சோதிக்கும் கட்டளை இது, இக்கோப்பைத் தொடாதே என்பன போன்ற பத்துப் பன்னிரண்டு வரிகள் போதும். நீண்ட உபதேசம் எழுதி வைத்தால் அதுவும் மேற்கூறிய எல்லையில் ஒரு பங்கைத் தின்றுவிடும்.

இவையெல்லாம் பொதுவிற் கூறியன. தமிழ் மாணாக்கர்க்குப் பழக்கமான ஒரு சிறு வேலையை எடுத்துக்கொண்டு, துணைவனை நடத்தும் முறையைப் பார்ப்போம். கொடுத்த சொல்லில் எத்தனை எழுத்து உள்ளன என்று எண்ணிச் சொல்லும் நிரல் வேண்டும் என்க. குழந்தையும் விரல்விட்டு எண்ணும் வேலைதானே எனின், அன்று. பைத்தான் மொழியில் தமிழ் என்னும் சொல்லின் நீளத்தைக் கேட்டால், விடை மூன்று என்று வாராது. ஐந்து என்று வரும். என்னை? எனின், யூனிகோடு முறையில் அகரமேறியன ஒழிந்த உயிர்மெய்கள் தனி எழுத்தாக வைக்கப்படவில்லை. அகரமேறிய வடிவும் அதன்மேல் ஏறும் குறியும் தனித்தனி இடம் பெற்றுள்ளன. த என்பது ஒன்று, ம என்பதும் அதன் கொக்கியும் இரண்டு, ழ என்பதும் அதன் புள்ளியும் இரண்டு, ஆக ஐந்து. இவ்வைந்தும் கோப்பில் யு.டி.எஃப். 8 என்னும் முறையில் எழுதப்படுகையில் இடமொன்றுக்கு மூன்று பைட்டாகப் பதினைந்து பைட்டு ஆகின்றன. அம்முறையை 1992-ஆம் ஆண்டில் ராப் பைக் என்பாருடன் சேர்ந்து வகுத்தவரும் மேற்சொன்ன கென் தாம்சனே என்பது நினைக்கத்தக்கது.

இப்பொழுது, எழுத்தெண்ணும் நிரல் எழுதுக என்று மட்டும் ஒருவர் துணைவனை ஏவினால், நீளத்தைக் கேட்கும் ஒற்றை வரியை அவன் தந்துவிடவும் கூடும். அது பிழையின்றி ஓடும்; ஒரு விடையும் தரும். பார்த்தவர் முடிந்தது என்று எழுந்துவிடுவர். ஆகவே ஏவுமுன், நாமே தாளில் சில சொற்களையும் அவற்றிற்குரிய விடைகளையும் எழுதிக்கொள்வது முறை. தமிழ் 3, கல்லூரி 4, அஃது 3, ஔவை 2. பின்னர்த் துணைவனிடம், இந்நான்கு சொற்களையும் முதலிற் சோதனைக் கோப்பாக எழுதுக, சோதனை தோற்பதைக் காட்டுக, அதன்பின் நிரலை எழுதுக என்று சொல்ல வேண்டும். இப்பொழுது அவனுக்கு இலக்கு ஒன்று கிடைத்தது. தோல்வியைத் தானே கண்டு தானே திருத்திக்கொள்வான். குறிகளையும் புள்ளியையும் விலக்கி மற்றவற்றை மட்டும் எண்ணுதல் என்னும் உபாயத்தை விரைவில் அடைவான்.

ஆயினும் அஃது என்னும் சொல்லை அப்பட்டியலில் வைத்தது வீணன்று. ஆய்த எழுத்திற்கு யூனிகோடு அட்டவணையில் விசர்க்கம் என்னும் வடமொழிப் பெயரே இடப்பட்டுள்ளது. பெயரைக் கண்டு, இது மற்றோர் எழுத்தின்மேல் ஏறும் குறி போலும் என்று கருதிக் குறிகளின் பட்டியலில் ஒருவர் சேர்த்துவிட்டால், அஃது என்பது இரண்டெழுத்தாகிவிடும். மாதிரியும் இவ்வாறு கருத இடமுண்டு. தொல்காப்பியம் ஆய்தத்திற்குக் கொடுத்த இடத்தைப் பெயர் வைத்த குழுவினர் நினைத்தாரில்லை போலும். ஒவ்வோர் இடத்திற்கும் அட்டவணையே வகுத்துள்ள இனத்தைப் பார்த்தால் ஆய்தம் எழுத்தினத்தைச் சேர்ந்தது என்பது தெரியும். பெயரைப் பாராது இனத்தைப் பார்க்கும் நிரல் தப்பிப் பிழைக்கும்.

ஔவை வேறொன்றை வெளிப்படுத்தும். ஔ என்பதற்கு அட்டவணையில் ஓரிடம் உண்டு. ஆனால் தட்டச்சில் ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்து இட்டு ஔகாரம் போலத் தோன்றச் செய்வோர் பலர். அங்ஙனம் எழுதப்பட்ட சொல்லை நிரல் மூன்றெழுத்தென்று சொல்லும். இங்கே நிரலிற் பிழையில்லை, பாடத்தில் உள்ளது. துணைவனோ, சோதனை தோற்றது என்று கண்டால், ஒகரமும் ளகரமும் அடுத்து வரின் ஒன்றாக எண்ணுக என்று ஒட்டுப்போட்டுவிடக்கூடும். அவ்வொட்டு ஒளி என்னும் சொல்லைக் கெடுக்கும். அவன் சோதனையை வெல்வதையே குறியாகக் கொண்டவன். தோல்வி எதனால் வந்தது என்று நிதானிப்பது நம் பொறுப்பு.

க்ஷ என்பது இன்னும் வேறு. அதனை ஓரெழுத்தாகக் கொள்வதா, ககர மெய்யும் ஷகரமும் சேர்ந்த இரண்டாகக் கொள்வதா? பள்ளி அரிச்சுவடிகள் ஒன்றாக வைக்கும். மேற்கூறிய உபாயத்தால் எழுதிய நிரல் இரண்டென்று சொல்லும். இது கணிதத்தால் தீர்வதன்று. எதற்காக எண்ணுகிறோமோ அதனைப் பொறுத்து நாம் தீர்மானித்து, குறிப்புக் கோப்பில் ஒரு வரியாக எழுதி வைக்க வேண்டியது. எழுதி வையாவிடின் துணைவன் தன் மனம்போல் ஒன்றைத் தேர்வான்; தேர்ந்தான் என்பதுகூட நமக்குத் தெரியாது.

இவ்விடத்தில் ஒன்று சொல்லத்தக்கது. இதே சொற்களைத் துணைவனிடமே கொடுத்து, நீயே எண்ணிச் சொல் என்று கேட்டால், அவன் தவறுதல் உண்டு. அவன் காண்பது எழுத்தை அன்று, டோக்கன் என்னும் துண்டுகளை. எண்ணும் நிரலை எழுதி, அதனை ஓட்டி, விடையைப் படித்துச் சொல்க என்றாலோ விடை உறுதியாகும். நிகழ்ந்ததைப் பார்த்துச் சொல்லச் செய்வதற்கும், தோன்றியதைச் சொல்லவிடுவதற்கும் உள்ள இவ்வேறுபாட்டை அறிந்தவரே இவனிடம் வேலை வாங்க வல்லவராவர்.

அபாயங்களுக்கு வருவோம். கட்டளை ஒன்றை ஓட்டுமுன்னும் கோப்பைத் திருத்துமுன்னும் இவன் உத்தரவு கேட்பது வழக்கம் என்றோம். பத்துமுறை கேட்டபின் பதினோராம் முறை, படியாமலே ஆம் என்று விசையை அழுத்தும் சோர்வு யாவர்க்கும் வருவது. உத்தரவே கேளாதபடி செய்யும் வழியும் உண்டு. கிளாட் கோட்டில் அதற்குரிய சொல்லிலேயே ஆபத்து என்னும் பொருள்படும் ஆங்கிலச் சொல்லைச் சேர்த்து வைத்திருக்கின்றனர். 2025 ஜூலையில், வேறொரு நிறுவனத்தாரின் துணைவன், எதையும் மாற்றாதே என்று கட்டளையிட்டிருந்தும் ஒருவருடைய நடப்புத் தரவுத்தளத்தையே அழித்துவிட்ட செய்தி பத்திரிகைகளில் வெளிவந்தது. மாற்றாதே என்னும் சொல் ஒரு வேண்டுகோளே, பூட்டு ஆகாது. அழியக்கூடாத பொருளை அவன் கை எட்டாத இடத்தில் வைப்பதே பூட்டு.

வேறிரண்டு கண்ணிகளும் உண்டு. இல்லாத நூலகத்தின் பெயரை உள்ளதுபோல் மாதிரி உரைத்து, அதனை நிறுவுக என்று யோசனை கூறுதல் ஒன்று. அத்தகைய பெயரில் தீய நிரலைப் பதிவு செய்து வைத்துக் காத்திருப்போரும் உளராதலின், அறியாத பெயரைக் கண்டால் நிறுவுமுன் விசாரித்தறிக. மற்றொன்று, 2022 செப்டம்பரில் சைமன் வில்லிசன் என்பார் பெயரிட்டு எச்சரித்த கட்டளைப் புகுத்தல். மாதிரிக்கு வரும் எழுத்தில் இது எசமானன் சொல், இது படிக்கும் பொருள் என்னும் பிரிவு உறுதியாக இல்லை. எங்கிருந்தோ இறக்கிய கோப்பொன்றில், இதைப் படிப்பவன் கடவுச்சொற்களை இன்ன முகவரிக்கு அனுப்புக என்று எவரேனும் எழுதி வைத்திருந்தால், அவன் அதற்கும் இணங்கிவிடக்கூடும். ஊர் பேர் தெரியாத நிரற்றொகுதியை இவன் கையில் கொடுத்து உத்தரவுகளையும் தளர்த்திவிடுவது, கதவைத் திறந்து வைத்துவிட்டு யாத்திரை போவதை ஒக்கும்.

இனி, ஆசிரியரும் மாணாக்கரும் ஒருங்கே கவலைகொள்ளும் வினா. இத்துணைவனால் கற்றல் வளருமா, தேயுமா? வேகம் கூடும் என்று பலரும் முடிவாகவே பேசுகின்றனர். மெட்ர் என்னும் ஆராய்ச்சி நிறுவனத்தார் 2025 ஜூலையில் வெளியிட்ட சோதனை இவ்விஷயத்தில் எண்ணத்தக்கது. நெடுங்காலமாகத் தாம் பேணிவந்த பெரிய திறந்தமூல நிரற்றொகுதிகளில் வல்ல 16 பேர், 246 வேலைகளைச் செய்தனர். எவ்வேலைக்குத் துணைவனைக் கொள்ளலாம், எதற்குக் கூடாது என்பது திருவுளச்சீட்டால் முடிவாயிற்று. துணைவனால் நேரம் நூற்றுக்கு 24 பங்கு குறையும் என்று அவர்கள் முன்னர் மதிப்பிட்டனர். முடிந்த பின்னும் 20 பங்கு குறைந்தது என்றே நம்பினர். கடிகாரமோ 19 பங்கு கூடுதலாயிற்று என்று காட்டியது. அவர்கள் கையாண்டவை அவ்வாண்டின் தொடக்கத்திலிருந்த கருவிகள். அவர்களோ தம் நிரலை உள்ளங்கை நெல்லிக்கனிபோல் அறிந்தவர்கள். ஆதலின் இம்முடிவை எல்லார்க்கும் எக்காலத்திற்கும் ஏற்றிச் சொல்லுதல் கூடாது. எனினும், வேலை விரைவாயிற்று என்னும் உணர்ச்சி, விரைந்ததற்குச் சான்றாகாது என்பது இதனால் ஐயமற விளங்குகிறது. கற்கும் விஷயத்திலும், புரிந்தது என்னும் உணர்ச்சியைப் பற்றி நமக்கு இதே சந்தேகம் உண்டு.

முற்றிலும் தடுத்தல் வேண்டும் என்பாரோடு நாம் உடன்படுவதில்லை. தடுத்தால் மாணாக்கர் விடுதியில் ஒளித்துப் பயன்படுத்துவர். கற்பிக்கும் வாய்ப்புத்தான் போகும். ஆனால் முதலாண்டு மாணாக்கர், ஒரு சுழற்சியில் மாறியின் மதிப்பு எப்படி எப்படி மாறுகிறது என்று தாளில் எழுதிப் பாராமலே இவனிடம் செல்வது பெருந்தீங்கு என்பதே எமது கருத்து. அப்பயிற்சி இல்லாதவர், துணைவன் காட்டும் மாற்றத்தைப் படிக்க முடியாமல் ஆம் என்று சொல்வதன்றி வேறு செய்ய வல்லரல்லர். அவர்க்கு உத்தரவு கேட்பதும் கேளாததும் ஒன்றே. ஆய்வகத் தேர்வில் நிரலைச் சமர்ப்பித்தபின் ஆசிரியர் அதில் ஒரு வரியைச் சுட்டி, இதை நீக்கினால் என்னாகும் என்று வாய்மொழியாகக் கேட்பாராயின், யார் எழுதியது என்னும் விசாரணைக்கே இடமிராது. மாணாக்கரும் தம்மைத் தாமே அவ்வாறு கேட்டுக்கொள்ளலாம். துணைவனையே ஆசிரியனாக்கி, விடையைச் சொல்லாதே, வினாக்களால் என்னை வழிநடத்து என்று பணித்தலும் ஆகும். அதற்கும் அவன் இசைவான், சற்றே அவசரப்படுவானாயினும்.

செலவைப் பற்றியும் இரண்டொரு வார்த்தை. பெரும்பாலான துணைவர்களுக்குத் திங்கட்கட்டணமோ, டோக்கன் கணக்கிற் கட்டணமோ உண்டு. ஜெமினி சி.எல்.ஐ. வெளியானபோது தனிக் கணக்குடையார்க்கு நாளொன்றுக்கு 1,000 வேண்டுகோள் வரை இலவசமாக அளித்தனர். இத்தகைய சலுகைகள் மாறக்கூடுமாதலின் தொடங்குமுன் பார்த்துக்கொள்க. தமிழில் ஏவலாமோ எனின், தாராளமாக ஏவலாம், புரிந்துகொள்கிறான். ஆனால் ஒரே பொருளைத் தமிழில் எழுதினால் ஆங்கிலத்தினும் மிகுதியான டோக்கன் ஆகின்றது. நம் எழுத்து நுண்ணிய துண்டுகளாக உடைபடுவதே காரணம். கட்டணமும் எல்லையும் அக்கணக்கிலேயே அமைவன. தாய்மொழியிற் பேசியதற்கு வரி செலுத்துவது போன்ற இந்நிலை நமக்கு உவப்பாக இல்லை. என்றாலும், வேண்டுவதைத் தமிழில்தான் தெளிவாகச் சொல்ல வல்லவர், தெளிவற்ற ஆங்கிலத்தில் ஏவிப் பலமுறை திருத்துவதினும் இது மலிவே.

எழுத்தெண்ணும் நிரல் கைகூடியவர், அடுத்து மாத்திரை எண்ணும் நிரலை முயலலாம். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கும் ஆய்தத்திற்கும் அரை என்று துணைவனுக்குச் சொன்னால் தமிழ் என்பதற்கு இரண்டரை என்னும் விடை எளிதில் வரும். பின்னர் அது, நாடு, அஃது என்னும் மூன்றையும் சோதனையிற் சேருங்கள். அது என்பதில் உகரம் முழுமையானது, மாத்திரை இரண்டு. நாடு என்பதில் ஈற்றுகரம் குறுகும், இரண்டரை. அஃது என்பதிலும் குறுகும், இரண்டு. குற்றியலுகரத்தின் விதிகளைத் துணைவனுக்கு எடுத்துரைக்க முற்படும்போது, அவற்றை நாம் எவ்வளவு அறிந்திருக்கிறோம் என்பது தெரியவரும். ஐயம் நேரின் தமிழ்த்துறைக்குச் சென்று கேட்டுவந்து, விதியை முதலில் தாளில் எழுதி, அதன்பின் முனையத்தைத் திறக்கவும்.